பூதவாதிக்கு எவ்வளவு தூரம் இணங்கலாம்?

உயர்தர வகுப்பில் வைரசைப் பற்றிய பாடம் தொடங்கினால், "சேர், அதுக்கு உயிர் இருக்கோ இல்லையோ?" என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் விடுவதில்லை. உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டது என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். கேட்ட பிள்ளையின் ஐயம் அப்படியே இருக்கும். அந்தக் கேள்விக்குள் வைரசைவிடப் பெரியதொன்று கிடக்கிறது. சடப்பொருளோடு வேறேதோ ஒன்று வந்து சேர்வதால் உண்டாவதா உயிர்? அல்லது சடப்பொருள் ஒரு குறித்த வகையில் அமைந்து இயங்குவதைத்தான் உயிர் என்கிறோமா? உயிரைப் பற்றி இதைக் கேட்பவர் மனத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் ஒரே விடையைச் சொல்கிறார்கள். விஞ்ஞானப் பக்கம் நிற்பவர் இரண்டும் சடமே என்கிறார். கோயில் பக்கம் நிற்பவர் இரண்டுக்கும் ஆன்மா வேண்டும் என்கிறார். சைவ வீட்டில் வளர்ந்து உயிரியல் கற்பித்துச் சீவிக்கும் எனக்கு, இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுவதுதான் இந்த விவாதத்தின் முதற் பிழை என்று படுகிறது.

உயிரிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரருக்கு, இலை வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறுகின்ற நோயைத் தெரியும். நோயுற்ற இலையைத் தொட்ட கையால் நல்ல கன்றைத் தொட்டால் அதற்கும் பரவும். அந்தப் புகையிலை மொசைக் வைரசை 1935இல் அமெரிக்க இரசாயனவியலாளர் வெண்டல் ஸ்டான்லி, நோயுற்ற செடிகளின் சாற்றிலிருந்து பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். உப்பையும் சீனியையும் போலப் போத்தலில் அடைத்து வைக்கக்கூடிய பொருளாக அது இருந்தது. நீரில் கரைத்து இலையில் தேய்த்தபோதோ மறுபடி பெருகியது. 1955இல் பிரெங்கல்-கொன்ராட், வில்லியம்ஸ் என்னும் இருவர் அதே வைரசின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் வெவ்வேறாகப் பிரித்துப் பின்னர் ஒன்றாகக் கலந்தார்கள். துண்டுகள் தாமாகவே கூடி முழு வைரசாகி, இலையில் நோயையும் உண்டாக்கின. அவற்றைக் கூட்டி வைப்பதற்கு வெளியிலிருந்து எந்தச் சக்தியும் வரவேண்டியிருக்கவில்லை.

வைரசை உயிரென்று ஏற்காதவர் இதைக் கேட்டு அசையமாட்டார். அவருக்காகக் கள்ளு முட்டியண்டை போகவேண்டும். அங்கே போவதற்கு முன் மணிமேகலைக் காப்பியத்தில் ஓரிடத்தைச் சொல்லிவிடுகிறேன். வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவருகையில், கடைசியாக, நிலம், நீர் முதலிய பூதங்களாலேயே எல்லாம் ஆனவை என்னும் பூதவாதியிடம் வருகிறாள். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் வேறு சிலவற்றையும் கூட்டிவைத்தால், தனித்தனியே எதிலும் இல்லாத மதுக்களி பிறக்கிறதல்லவா, அதைப்போலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். பூதங்கள் பிரியும்போது பறையின் ஓசை அடங்குவதுபோல அந்த உணர்வும் கெட்டுவிடும் என்பது அவன் முடிவு. கண்கூடாகக் கண்டதையன்றி வேறெதையும் ஏற்கமாட்டேன் என்றும் சொல்கிறான். நம்மவர்கள் நயினாதீவு என்று கொள்கின்ற மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பை அறிந்துகொண்ட மணிமேகலை அதைக் கேட்டு நகைக்கிறாள். பிறகு அவள் சொல்லும் மறுமொழி கூர்மையானது: உன் தாய் தந்தையரையே அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வகையில் அறிவாய்? இந்த மறுமொழி பின்னர் எனக்குத் தேவைப்படும்.

பூதவாதி மதுவை உவமையாக எடுத்தது, அவனே அறியாத வகையில், மிகவும் பொருத்தமாகிவிட்டது. பனையில் பாளையைச் சீவி முட்டி கட்டுகின்ற தொழிலாளி அதற்குள் எதையும் போடுவதில்லை. இரவு முழுவதும் சொட்டுச்சொட்டாக விழும் சாறு, காலையில் இறக்கும்போது வாய்வரை வெண்ணுரை கட்டி, விழுந்து செத்த தேனீக்களும் எறும்புகளும் மிதக்க, சிறு சீறலோடு குமிழிவிட்டுக்கொண்டிருக்கும். அதில் ஒரு துளியை வழுக்கியில் இட்டு நுணுக்குக்காட்டியின் நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால், நீள்வட்டக் கலங்கள் கூட்டங்கூட்டமாகத் தெரியும். சிலவற்றின் ஓரத்தில் சிறிய மொட்டொன்று புடைத்திருக்கும். அந்த மொட்டு பெருத்துத் தனிக் கலமாகும். இதுதான் மதுவம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் மதுவம் பெருகமுடியாமற்போய், கள்ளுக்குப் பதில் கருப்பநீர் கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஆகவே பூதவாதி சொன்னது போலச் சடப்பொருள்கள் வெறுமனே கூடியதால் களி பிறக்கவில்லை. கூட்டத்துக்குள் உயிருள்ள ஒன்று முன்னமே இருந்தது. அவனுடைய காலத்தில் எதிர்வாதிக்கு நுணுக்குக்காட்டி கிடைத்திருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கே நடந்தது. நொதித்தல் வெறும் இரசாயனச் சிதைவு என்று யுஸ்டஸ் லீபிக் வாதித்தார். உயிருள்ள மதுவக் கலங்களின் வாழ்வோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்தது அது என்று 1850களின் இறுதியிலிருந்து லூயி பாஸ்டர் பரிசோதனைகளால் நிறுவினார். உயிர்ச்சக்தி ஒன்று தனியே உண்டு என்று நம்பியவர்களுக்குப் பாஸ்டரின் வெற்றி பெரும் துணையாக இருந்தது. பின்னர் 1897இல் ஜேர்மனியரான எட்வார்ட் பூக்னர் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்து, கலங்களை உடைத்து, அழுத்திச் சாற்றை மாத்திரம் எடுத்தார். அந்தச் சாறு கெட்டுப்போகாமல் இருக்க அதில் சீனியைக் கலந்தபோது காபனீரொட்சைட்டுக் குமிழிகள் எழுந்தன. உயிருள்ள ஒரு கலம்கூட இல்லாத சாறு, சீனியை மதுசாரமாக மாற்றிக்கொண்டிருந்தது. வேலையைச் செய்தவை, இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதங்களான நொதியங்கள். பூக்னருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது. மணிமேகலையின் பூதவாதி, தன் உவமையைப் பொறுத்தவரை, பல நூற்றாண்டுகள் கழித்து வென்றுவிட்டான்.

உயிரினங்களின் உடலிலேயே உண்டாகும் என்று எண்ணப்பட்ட யூரியாவை வேலர் 1828இல் ஆய்வுகூடத்தில் ஆக்கியதைப் பற்றிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதால் நான் நீட்டவில்லை. வெங்காயப் பாத்திக்கு யூரியா போடுபவர் அது மாட்டின் சலத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று பயிர் கேட்காது என்பதை அறிவார். இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்த 2021இல் நாடு முழுவதுமே அதைப் படித்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நேர்மையான தடை எழும்: பிரித்துப் பார்த்தீர்கள், உயிரை ஆக்கிக் காட்டினீர்களா? இன்னும் இல்லை. அமெரிக்க மரபணுவியலாளர் கிரெய்க் வென்ரரின் குழு 2010இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட ஒரு பற்றீரிய மரபணுத் தொகுதியை இரசாயன முறையில் எழுதி உண்டாக்கி, வேறொரு பற்றீரியக் கலத்துள் இட்டு இயங்கவைத்தது. ஆனால் அந்தக் கலம் ஏற்கெனவே உயிருள்ள கலமாக இருந்தது. 2016இல் அதே குழு 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட கலமொன்றை அறிவித்தபோது, அவற்றுள் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பது எவருக்கும் தெரியாதிருந்தது. ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உயிர் இருந்ததற்கான சான்றுகள் உண்டு. அது எவ்வாறு தொடங்கிற்று என்பதற்கு முழுமையான விடை இல்லை. எனினும் இந்தக் குறைகளை உயிர்ச்சக்திக்கான இடமாக நான் எண்ணவில்லை. என்ன தெரியவேண்டும், எந்த இரசாயனப் படி விடுபட்டுள்ளது என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய அறியாமை இது. கண்டுபிடிக்கப்பட்டால் அது விடைதான் என்பதை நாம் அடையாளம் கண்டுகொள்வோம். சுவாசம், வளர்ச்சி, இனப்பெருக்கம், தூண்டற்பேறு என்று கரும்பலகையில் எழுதுகின்ற எல்லா இயல்புகளும் ஒரு பொருள் *செய்கின்றவை*. செய்கை எப்படி நிகழ்கிறது என்று காட்டிவிட்டால், விளக்கவேண்டிய மிச்சம் எதுவும் அங்கே இல்லை. உயிர் வரைக்கும் பூதவாதிக்கு முழுமையாக இணங்கலாம் என்பதே என் முடிவு.

மனத்திலும் பெரும்பகுதியை அவனுக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டபோது, வலக்கையோடு பேச்சும் போயிற்று. தண்ணீர்ச் செம்பைக் காட்டுவார், அதன் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார், உதடு கூடி, கழுத்து நரம்பு புடைத்து, "த... த..." என்று நின்றுவிடும். கோபத்தில் கண் நிறையும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாமியறையில் மருமகள் தேவாரம் பாடத் தொடங்க, கட்டிலில் இருந்தபடி இரண்டாவது அடியிலிருந்து பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார். ஒரு சொல் பிசகாமல், பண் குலையாமல், திருக்கடைக்காப்பு என்னும் இறுதிப் பாட்டு வரை போனார். பாட்டு முடிந்ததும் மருமகள் "மாமி, இப்ப தண்ணி எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். முடியவில்லை. மாதங்கள் கழித்துப் பேச்சு ஓரளவு திரும்பிய பின் அவரே சொன்னார்: "சொல்லு எனக்குள்ள நிக்குது மோனை, வெளியில வருகுதில்லை. எனக்கு விசர் எண்டு நீங்கள் நினைச்சிடுவியளோ எண்டுதான் பயம்."

பேச்சிழந்தவர் பாடுவதை வைத்தியர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். பாரிஸில் போல் புரோக்கா 1861இல் "டான்" என்னும் ஓரசையை மட்டுமே சொல்லக்கூடியவராக இருந்த ஒரு நோயாளி இறந்தபின் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். மனப்பாடமான பாட்டு வேறு நரம்புப் பாதைகளிலும் தங்கியிருப்பதால் தப்பிவிடுகிறது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலேசன், 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்துபோனார். பேச்சும் நினைவும் குணமும் ஆன்மாவின் உடைமைகளாக இருந்திருந்தால், சில கனசென்ரிமீற்றர் இழையம் போனவுடன் இப்படி வகைபிரித்து அழிவானேன் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சைவ சித்தாந்தம் அதற்குப் பதிலை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாக வைத்திருக்கிறது. கோயில் பிரசங்கங்களில் இதைத் தெளிவாகச் சொல்லக் கேட்பது அரிது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கு அந்தக்கரணங்களையும் (உட்கருவிகளையும்) சித்தாந்தம் ஆன்மாவின் பக்கத்தில் வைக்கவில்லை. அவற்றை ஐம்பூதங்களோடும் ஐம்பொறிகளோடும் சேர்த்து, 36 தத்துவங்களுள் கீழுள்ள 24க்குள் அடக்கி, உலகுக்கு மூலமான மாயையின் காரியம், அதாவது சடம், என்று கணக்கிட்டுவிட்டது. நினைப்பதும் நிச்சயிப்பதும் "நான்" என்று முனைவதும் சடக் கருவிகளின் தொழில். மெய்கண்டார், சித்தாந்தத்தின் முதனூலான சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடம்பை "மாயா இயந்திர தனு" என்றே சொல்கிறார். மேல்நாட்டு விவாதங்களில் கோடு மனத்துக்கும் சடத்துக்கும் இடையில் விழுகிறது. இங்கே மனமே சடத்தின் பக்கம் போய்விட, மறுபக்கத்தில் அறிகின்ற ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு உடற்கூற்றியலைத் தமிழில் கற்பித்தபோது, உடம்பை இயந்திரமாகப் பார்ப்பது இவ்வூர்ச் சைவ மாணவருக்குத் தம் சாத்திரத்தோடு மோதும் செய்தியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூன்றாம் சூத்திரம் ஆன்மா உண்டென்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றை இன்று அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. "எனது உடல்" என்று சொல்வதால் உடலுக்கு உடையவன் வேறாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. அதே வாயால் "என் உயிர்" என்றும் சொல்கிறோம். அதற்கு உடையவனை எங்கே தேடுவது? கண் காண்பதைக் காது அறியாது, காது கேட்பதைக் கண் அறியாது, ஐந்தையும் அறியும் ஒருவன் இருக்கிறான் என்பது இன்னொன்று. இதுவே அவற்றுள் வலிமையானது. மயிலின் நிறத்தையும் அகவலையும் ஒரே மயிலாகக் கொள்பவர் யார் என்ற கேள்வி நரம்பியலாளரை இன்றும் வருத்துகிறது. ஆனால் 1960களில் றொஜர் ஸ்பெரியும் அவருடைய சகாக்களும், மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்க்கற்றை வெட்டப்பட்ட நோயாளிகளைப் பரிசோதித்தபோது, வல அரைக்கோளத்துக்கு மட்டும் காட்டப்பட்ட பொருளை நோயாளியின் வாய் "ஒன்றையும் காணவில்லை" என்றது. இடக்கையோ அதே பொருளைத் தடவி எடுத்துக் கொடுத்தது. அந்த நோயாளிக்குள் அறிபவர் உண்மையில் இருவராகிவிடுகிறாரா என்பதில் ஆய்வாளரிடையே சர்ச்சை தீரவில்லை. எப்படியாயினும், பகுக்கமுடியாத ஒருமை என்று நாம் எண்ணிய ஒன்று சத்திரசிகிச்சைக் கத்திக்கு இவ்வளவுக்காவது நெகிழ்ந்து கொடுக்கிறதென்பது, ஐந்தையும் அறியும் "ஒருவனை" நம்பியிருக்கும் வாதத்துக்குப் பலத்த அடிதான்.

உறக்கத்தில் மூச்சு ஓடியும் உண்ணலும் வினையும் இல்லாததால் மூச்சு அறிபவன் ஆகாது என்பது அடுத்த காரணம். இதற்கு நிகரான நிலையை 1846இல் பொஸ்டனில் ஈதர் ஆவியால் பகிரங்கமாக உண்டாக்கிக் காட்டினார்கள். இன்று போதனா வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அது அன்றாட வேலை. ஆச்சரியம் என்னவென்றால், செனன் வாயுவுக்கும் அந்த வல்லமை உண்டு. விழுமிய வாயு, எதனோடும் இலேசில் சேராதது என்று இரசாயனவியலில் படிப்பிக்கிறோமே, அந்த வாயு மூளைக்குள் போய் எந்தப் பிணைப்பையும் ஆக்காமலேயே ஒரு மனிதனின் உலகத்தை அணைத்துவிடுகிறது. நிறுத்தினால் உலகம் திரும்புகிறது.

இதைக் கேட்ட சித்தாந்தி கலங்கமாட்டார். கருவிகள் இல்லாத கேவல நிலையில் ஆன்மா ஆணவம் என்னும் மலத்தால் மூடுண்டு ஒன்றையும் அறியாது. மாயை தந்த கருவிகளோடு கூடினால்தான் அறியும் என்பதே அவருடைய கொள்கை. கருவி பழுதானால் அறிவு பழுதாகும், கருவியை அடக்கினால் அறிவு அடங்கும். ஆகவே பெரியம்மாவின் பக்கவாதமும் மொலேசனின் மறதியும் செனனும் பூதவாதிக்கு எவ்வளவு சான்றோ சித்தாந்திக்கும் அவ்வளவே சான்று. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்குச் சித்தாந்தத்தின் மேல் மதிப்புக் கூடியது. கொஞ்சம் யோசித்தபோது சங்கடமும் கூடியது. மூளையில் எதைக் கண்டாலும் இரு கொள்கைகளும் ஒரேபோல முன்கூட்டிச் சொல்லுமானால், ஆன்மா என்பது அறிவியல் விளக்கத்தில் எந்த வேலையையும் செய்யவில்லை. கன்மத்தைச் சுமந்து பிறவிதோறும் போவதற்கும் வீடு பெறுவதற்கும் அது தேவைப்படலாம். தேவைப்படுவது வேறு, இருப்பதாகக் காட்டுவது வேறு.

அப்படியானால் பூதவாதி மனத்திலும் முழுதாக வென்றானா என்றால், அதற்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. பெரியம்மா "பயம்" என்றாரே, அந்தப் பயம் அவருக்கு இருந்தவிதம் எங்களுடைய எந்தப் பரிசோதனையிலும் அகப்படவில்லை. மூளைப் படத்தில் இரத்தம் அடைபட்ட பகுதி கறுப்பாகத் தெரிந்தது. ஏன் பேச வரவில்லை, ஏன் பாட வந்தது என்பவற்றை அந்தப் படம் விளக்கியது. பேசமுடியாமல் இருப்பது *எப்படி இருந்தது* என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். படத்தை இன்னும் துல்லியமாக்கினால் இதுவும் தெரியவரும் என்பது பலருடைய நம்பிக்கை. மூளையை ஓர் ஆலையளவு பெரிதாக்கி அதற்குள் நடந்து திரிந்தாலும் ஒன்றையொன்று தள்ளும் பாகங்களைத்தான் காண்போம், உணர்வைக் காணமாட்டோம் என்று ஜேர்மன் தத்துவவியலாளர் லைப்னிற்ஸ் 1714இலேயே எழுதினார். இன்று அந்த ஆலைக்குள் உண்மையாகவே நுழைந்திருக்கிறோம். 302 நரம்புக்கலங்களே உள்ள ஒரு சிறு வட்டப்புழுவின் நரம்பு இணைப்புக்கள் முழுவதும் 1986இல் வரையப்பட்டன. ஏறத்தாழ 1,40,000 நரம்புக்கலங்கள் கொண்ட பழ ஈயின் மூளை 2024இல் முழுமையாக வரையப்பட்டது. அந்த ஈக்கு அழுகிய மாம்பழத்தின் மணம் ஏதேனும் ஒருவகையில் "மணக்கிறதா" என்று கேட்டால் வரைபடம் பேசாது.

உயிருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். உயிர்ச்சக்தியும் ஒருகாலத்தில் விளக்கமுடியாததாகத் தோன்றிப் பின்னர் கரைந்துபோனதுதானே, உணர்வும் அப்படியே கரைந்துபோகும் என்பது சடவாதிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். இந்த ஒப்பீட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. உயிரில் விளக்கவேண்டியிருந்தவை எல்லாம் செய்கைகள். நொதித்தலை விளக்குவதென்றால் சீனி மதுசாரமாவதை விளக்குவது. பூக்னர் அதைச் செய்து முடித்தார். கள்ளுக் குடித்தவனின் நடை தள்ளாடுவதையும் நா குழறுவதையும் அதே வழியில் விளக்கிவிடலாம். அவனுக்குள் இருக்கின்ற களிப்பு ஒரு செய்கையல்ல. செய்கையோடு கூடவே அவனுக்கு மட்டும் தெரிவதாக இருக்கின்ற ஒன்று. கலிலியோ 1623இல் சுவை, மணம், நிறம் ஆகியவற்றைப் பொருளிலிருந்து எடுத்து, உணர்பவனிடத்தில் வைத்துவிட்டு, பொருளில் வடிவத்தையும் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் மட்டும் விட்டுவைத்தார். பௌதிகத்தின் பெருவெற்றிகள் அந்தக் கழித்தலிலிருந்து வந்தவை. கழித்து ஒதுக்கி வைத்ததை, கழித்தபின் மிஞ்சிய பொருள்களைக் கொண்டே மறுபடி ஆக்கிக்காட்டு என்று இன்று கேட்கிறோம். கடினமாக இருப்பதில் வியப்பில்லை. நரம்பியலாளர் கிறிஸ்ரொவ் கொக், உணர்வுக்குரிய நரம்பு அடையாளத்தை 25 ஆண்டுகளில் கண்டுபிடித்துவிடுவோம் என்று தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸோடு 1998இல் பந்தயம் பிடித்தார். 2023இல் நியூயோர்க்கில் தோல்வியை ஏற்று ஒரு பெட்டி வைன் கொடுத்தார். பூதவாதியின் மதுக்களி கடைசியில் எதிர்க்கட்சிக்குப் போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பந்தயம் தோற்றதால் கொள்கை தோற்றதாகாது என்பதையும் சொல்லவேண்டும்.

என் சாய்வு வேறொரு பக்கம். "சடம் மட்டுமே" என்னும்போது சடம் என்னவென்று நமக்கு முழுதாகத் தெரியும் என்று பேசிவிடுகிறோம். இலத்திரனுக்குத் திணிவு உண்டு, ஏற்றம் உண்டு, கறங்கல் உண்டு என்று கற்பிக்கிறேன். ஒவ்வொன்றும் இலத்திரன் பிறவற்றோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறதேயன்றி, அப்படி நடந்துகொள்வது எது என்பதைச் சொல்லவில்லை. ஆங்கிலத் தத்துவவியலாளர் பேட்ரண்ட் றசல் 1920களில் இதைச் சுட்டிக்காட்டினார். சடப்பொருளின் உள்ளியல்பைப் பௌதிகம் விட்டுவைத்திருக்கிறதென்றால், உணர்வின் வேர் அங்கே இருக்கக்கூடும். அதற்காக இலத்திரனுக்குச் சிற்றறிவு உண்டென்று கொண்டாட நான் தயாரில்லை. கோடிக்கணக்கான சிற்றறிவுகள் கூடி ஓர் அறிவாவது எப்படி என்ற கேள்வி, ஐந்து பொறிகளும் ஒருவனாவது எப்படி என்ற மெய்கண்டாரின் பழைய கேள்விதான். எவரும் அதைத் தீர்க்கவில்லை. உலகத்தில் உள்ளவற்றின் பட்டியலைப் பூதவாதி சரியாகவே எழுதியிருக்கலாம், பட்டியலிலுள்ள பொருளைப் பற்றிய அவனுடைய விவரணம்தான் குறைபட்டது என்பது இப்போதைக்கு நான் நிற்கும் இடம். சித்தாந்திக்கு இது போதாது. என் சக ஆசிரியர்களுக்கு இது அதிகம்.

எங்கள் ஊரில் இத்தகைய பேச்சு இந்த இடத்துக்கு வந்தால், யாராவது ஒருவர் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் "நாம் அறியோம்" என்ற வாசகத்தைச் சொல்லிக் கதிரையிலிருந்து எழுந்துவிடுவார். அந்த வாசகத்தை அவர் எந்த அனுபவத்திலிருந்து சொன்னாரோ, தேநீர் முடிந்ததும் பேச்சை மூடுவதற்கான மூடியாக அதைப் பயன்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வி திண்ணையோடு நின்றுவிடுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவர்கள் "அவவுக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குதோ, டொக்டர்?" என்று கேட்பது இதே கேள்வியைத்தான்.

அதற்குப் பல காலமாக வைத்தியரிடம் இருந்த விடை, கூப்பிட்டால் திரும்புகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்பதே. 2006இல் இங்கிலாந்தில் அட்ரியன் ஓவனும் சகாக்களும், வீதி விபத்துக்குப் பின் எந்தத் துலங்கலும் காட்டாமல் விழித்திருந்தும் உணர்வற்ற தாவர நிலையில் இருப்பவராகக் கணிக்கப்பட்டிருந்த 23 வயதுப் பெண்ணொருவரை மூளை வரைவுக் கருவிக்குள் இட்டு, ரெனிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யும்படியும், பின்னர் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யும்படியும் சொன்னார்கள். சுகதேகிகளின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் இயங்கினவோ அதே பகுதிகள் அவருக்கும் இயங்கின. 2010இல் இந்த முறையால் 54 நோயாளிகள் பரிசோதிக்கப்பட்டார்கள். ஐவரிடம் அத்தகைய இயக்கம் காணப்பட்டது. அவர்களுள் ஒருவரிடம், "ஆம்" என்றால் ரெனிஸையும் "இல்லை" என்றால் வீட்டையும் நினைக்கும்படி சொல்லி, தந்தையின் பெயர் போன்ற எளிய வினாக்களைக் கேட்டார்கள். அவர் பெரும்பாலும் சரியாக விடையளித்தார்.

இதில் கருவி அளந்தது இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் ஏற்றத்தாழ்வை மட்டுமே, முழுவதும் சடம். ஆனால் அந்த அளவீட்டிலிருந்து "இவர் உள்ளே இருக்கிறார்" என்ற முடிவுக்கு வந்தது, கண்கூடு அல்லாததை ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியின் அளவையால் அல்ல. உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்ட அனுமானத்தால். அனுமானம் என்றபடியால் அது தவறவும் கூடும். கருவி அத்தகைய இயக்கத்தைக் காட்டாத மற்ற 49 பேருள் எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்வதற்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. கட்டளையைக் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டும் கற்பனை செய்ய முடியாமல் இருந்திருக்கலாம். மூளையின் எந்த அமைப்பு, எந்த அளவு இயக்கம் இருந்தால் அங்கே உணர்பவர் ஒருவர் உண்டு என்று சொல்லக்கூடிய கொள்கை நம் கையில் இருந்தால் அந்த 49 பேரைப் பற்றியும் ஏதேனும் சொல்லலாம். சடவாதியும் சித்தாந்தியும் இதுவரை அப்படியொன்றைத் தரவில்லை.